பழைய சின்ன ஹேட்ச்பேக்கின் சஸ்பென்ஷனைக் குறைந்த செலவில் தேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடம் தாண்டிய என் சின்ன காரின் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே பிரித்து மாட்டி, புதிதாக வாங்கியபோது ஓடிய மாதிரி ஓட வைத்தேன். அதிலிருந்து, பழைய ஹேட்ச்பேக் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். ரேஸ் ஓட்டுவதற்கான யோசனைகள் இதில் இல்லை. தினமும் ஓட்டும் வண்டி, குறைவான பணம், அதை எங்கே போட்டால் பலன் தெரியும் என்பதுதான் விஷயம்.

1. சஸ்பென்ஷன்னா ஷாக் அப்சார்பர்தானே? அதை மாத்திட்டா வேலை முடிஞ்சுதா?

முடியாது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் நிற்பதற்கு லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை), பால் ஜாயின்ட் (அதன் வெளி முனையில் உள்ள பந்து மூட்டு), ரப்பர் புஷ்கள் (இணைப்புகளில் வைக்கும் ரப்பர் வளையங்கள்) எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எது தளர்ந்தாலும் ஓட்டுபவருக்கு 'சஸ்பென்ஷன் போச்சு' என்றுதான் தோன்றும்.

சின்ன ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்பகுதி அமைப்பு ஒன்றுதான். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்பது. 1940-களில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கியது இது. பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்கு ஆக்சில், டார்ஷன் பீம் என்பார்கள். 1974-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இந்த ஜோடியோடு வந்தது. இடத்தை அடைக்காத, மலிவான அமைப்பு என்பதால் சின்ன கார்கள் இன்றுவரை அதை விடவில்லை. அதனால் இங்கே சொல்வதில் முக்கால்வாசி எந்த கம்பெனி வண்டிக்கும் பொருந்தும்.

2. வண்டி ரொம்பப் பழசு, கையில காசு கம்மி. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

காற்றழுத்தத்திலிருந்து. நிஜமாகத்தான் சொல்கிறேன். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் சூடாகாமல் இருக்கும்போது சரிபாருங்கள். தூக்கிப் போடுகிறது என்று புகார் சொன்ன பல வண்டிகளில் காற்று தேவைக்கு மேல் ஏற்றியிருந்தது. அடுத்து டயரின் வயதைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வெயிலில் கிடந்து கட்டையாகிப்போன டயரின் மேல் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் பலன் தெரியாது.

அப்புறம் ரப்பர் புஷ், லிங்க் ராட் (என்னவென்று 4-இல் சொல்கிறேன்), பால் ஜாயின்ட். அதற்கு அப்புறம் ஷாக்கும், அதன் மேல் முனையைப் பாடியோடு பிடிக்கும் மேல் மவுன்டிங்கும். ஸ்பிரிங் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, முதலிலேயே ஸ்பிரிங்கில் கைவைக்கிறார்கள். பழைய வண்டியின் தொளதொளப்புக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த ரப்பரும் களைத்த ஷாக்கும்தான். அதையெல்லாம் புதிதாக்கிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேலும் மேம்படுத்த வேண்டுமா என்பது அப்போதுதான் சரியாகத் தெரியும்.

ஒரே தடவையில் செய்யவேண்டும் என்றும் இல்லை. ஆனால் பிரிக்கும்போது ஆக்சில் ஆக்சிலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இந்த மாதம் முன்பக்கம் முழுக்க, அடுத்த தடவை பின்பக்கம் முழுக்க. ஏனென்று 5-லும் 8-லும் சொல்கிறேன்.

3. ஷாக் போயிடுச்சான்னு நானே எப்படிப் பார்க்கிறது?

பானட்டின் மூலையை அழுத்தி விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. விட்டதும் ஒரு தரம் எழும்பி அப்படியே நின்றுவிட வேண்டும். மறுபடி மறுபடி ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஆனால் முழுவதும் செத்த ஷாக்கை மட்டும்தான் இந்தச் சோதனை காட்டும். பாதி போன ஷாக் இதில் தேறிவிடும். கை அழுத்தும்போது அது மெதுவாகத்தான் நகர்கிறது. சாலையில் பள்ளம் கொடுக்கும் வேகமே வேறு.

அதனால் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஷாக்கின் உடம்பு. தண்டு உள்ளே போகும் இடத்தில் லேசான எண்ணெய்ப் படலமும் தூசியும் இருப்பது இயல்பு. எண்ணெய் வழிந்து கீழ்வரை ஈரமாக இருந்தால் அது கசிவு. இரண்டாவது, டயர். வண்டியை நிறுத்திவிட்டு டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் தடவுங்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு பள்ளமாகக் குழி குழியாகத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாததைக்கூடக் கை சொல்லிவிடும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது: நெடுஞ்சாலையில் ஒரு அலை மாதிரியான மேட்டைக் கடந்த பிறகும் வண்டி படகு மாதிரி மிதந்தால், பிரேக் போடும்போது மூக்கு ஆழமாகக் குத்தினால், ஷாக்கைச் சந்தேகிக்கலாம்.

4. சின்னச் சின்னப் பள்ளத்துல மட்டும் 'கட கட'ன்னு சத்தம். மெக்கானிக் ஷாக்கை மாத்தணும்னு சொல்றார். சரியா?

அவசரப்படாதீர்கள். மெதுவாகப் போகும்போது, சிறிய குலுக்கலில், விடாமல் 'கட கட' என்று கேட்டால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) லிங்க் ராட் மேல்தான் வரவேண்டும். இரண்டு முனையிலும் சின்ன பந்து மூட்டு உள்ள குச்சி அது. மாற்றுவதும் சுலபம், விலையும் ஷாக்கோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கையை விட்டு அதைப் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று பிளே, அதாவது தளர்வான ஆட்டம், தெரிந்தால் அதுதான்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்னால் 'டொங்' என்று ஸ்பிரிங் விடுபடும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்டிங்கோ, அதன் பேரிங்கோ போயிருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு 'டக்' கேட்டால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷைப் பாருங்கள்.

பால் ஜாயின்ட்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பிளே தெரிகிறதா? அது பால் ஜாயின்ட்டாகவோ வீல் பேரிங்காகவோ இருக்கலாம். லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரம் பூட்டியிருக்கும் இரும்புப் பாகம்) நடுவே கம்பியால் நெம்பும்போது மூட்டு அசைந்தால் பால் ஜாயின்ட்தான். இடமும் வலமுமாக ஆட்டும்போது பிளே இருந்தால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிக்கொள்ளும். மற்ற வேலைக்கெல்லாம் பட்ஜெட் பார்க்கலாம், இதற்குப் பார்க்காதீர்கள்.

5. ஒரு பக்க ஷாக்தான் லீக். அந்த ஒண்ணை மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக்கிலும் வளைவிலும் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஷாக்கோ ஸ்பிரிங்கோ, எதை மாற்றினாலும் இடது வலது ஜோடியாகத்தான். லிங்க் ராட், பால் ஜாயின்ட் மாதிரியானவற்றை ஒன்று மட்டும் மாற்றலாம், தவறில்லை.

6. கேஸ் ஷாக் நல்லதாமே? ஆயில் ஷாக்கைவிட தூக்கிப் போடுமா?

கேஸ் ஷாக்கிலும் வேலை செய்வது எண்ணெய்தான். எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகவும் வால்வுகள் வழியாகவும் நகரும்போது ஏற்படும் தடைதான் ஆட்டத்தை அடக்குகிறது. கரடுமுரடான சாலையில் நீண்ட நேரம் ஓடினால் எண்ணெயில் காற்று கலந்து நுரைத்துவிடும். நுரைக்கு அந்தத் தடையைக் கொடுக்கும் சக்தி இல்லை. குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனை உள்ளே அடைத்து வைத்தால் நுரைப்பது குறையும். 'கேஸ் ஷாக்' என்று விற்பதில் பெரும்பாலானவை இந்த வகைதான்: இரட்டைக் குழாய், குறைந்த அழுத்தக் கேஸ். இதுவே தினசரி ஓட்டத்துக்கு நல்ல மேம்பாடு. கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றும், ஆனால் இடுப்பை ஒடிக்காது.

ஒற்றைக் குழாயில் அதிக அழுத்தக் கேஸ் உள்ள வகை இன்னும் கூர்மையாக வேலை செய்யும். விலையும் கூட, சின்ன எடையுள்ள காரில் சில சமயம் விறைப்பாகவும் இருக்கும். பட்ஜெட் வேலைக்கு என் தேர்வு, வண்டிக்கு முதலில் வந்த அதே ரகமோ, பெயர் பெற்ற தயாரிப்பாளரின் குறைந்த அழுத்தக் கேஸ் ஷாக்கோதான். உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய பாகம் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். 'இது எல்லா வண்டிக்கும் செட் ஆகும்' என்றால் வேண்டாம்.

7. பழைய ஷாக்குல ஆயில் ஏத்தி ரீகண்டிஷன் பண்ணித் தர்றாங்க. பாதிக் காசுதான். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். எண்ணெய் கசிந்ததற்குக் காரணம் தேய்ந்த சீலும் கீறல் விழுந்த தண்டும். உள்ளே வால்வும் தேய்ந்திருக்கும். துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து மூடினால் கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கும். எந்த அளவுக்கு விறைப்பு, இரண்டு பக்கமும் சமமா என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்து வாங்குவது வேறு விஷயம். ரப்பரும் ஷாக்கும் அங்கே வாங்காதீர்கள். ஸ்டெபிலைசர் பார், நக்கிள், சப் ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) மாதிரி வெறும் இரும்பு பாகங்களை, வளையாமலும் துரு அரிக்காமலும் இருந்தால், தாராளமாக வாங்கலாம்.

8. ஷாக் மாத்தும்போது கூடவே என்னென்ன மாத்தணும்?

மேல் மவுன்டிங், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர். முன் ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிப்பதுதான் பெரிய வேலை. பிரித்த பிறகு இந்த நான்கையும் மாற்றக் கூடுதல் கூலி கிடையாது. ஆறு மாதம் கழித்து மவுன்டிங் போனால் அதே கூலியை மறுபடி கொடுக்கவேண்டும்.

பம்ப் ஸ்டாப்பரை 'அது வெறும் ரப்பர்' என்று விட்டுவிடுகிறார்கள். பழைய வண்டியில் கையில் எடுத்தாலே அது உதிர்ந்து பொடியாகும். பெரிய பள்ளத்தில் ஷாக் அடிவரை போய் முட்டும் கடைசி நொடியில் அடியைத் தாங்குவது அதுதான். அது இல்லாமல் புது ஷாக் போட்டால், புது ஷாக்கின் உள்ளே இரும்பில் இரும்பு அடிக்கும். டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் மணலும் தூசியும் தண்டில் ஒட்டி சீலை அறுக்கும். இரண்டுமே மலிவான சாமான்கள்.

9. லோயர் ஆர்ம் புஷ் புதுசு போட்டேன், ஆறே மாசத்துல கிழிஞ்சிடுச்சு. டூப்ளிகேட் பாகமா?

இருக்கலாம். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது, இறுக்கிய முறையில் வரும் தவறு. என் வண்டியிலேயே இது நடந்திருக்கிறது. முதல் தடவை லோயர் ஆர்ம் மாற்றியபோது வண்டி ஸ்டாண்டில் இருந்தது, சக்கரம் காற்றில் தொங்கியது. போல்ட்டுகளை அந்த நிலையிலேயே முழுக்க இறுக்கிவிட்டேன். ஏழு மாதம் கழித்து அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், புது ரப்பர் நடு இரும்பைச் சுற்றிப் பிறை வடிவில் கிழிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி.

காரணம் இதுதான். இந்தப் புஷ்ஷில் நடு இரும்புக் குழாயும் வெளி வளையமும் ரப்பரோடு ஒட்டி வார்க்கப்பட்டவை. போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் சட்டத்தோடு பூட்டிக்கொள்கிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுகி விரிகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் பூட்டினால் அந்த நிலைதான் ரப்பருக்கு 'ஓய்வு'. வண்டியைத் தரையில் இறக்கியதுமே அது முறுகிவிடும். நின்றுகொண்டிருக்கும்போதே முறுகிய ரப்பர், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும்.

அதனால் போல்ட்டைக் கையால் ஓரளவு மட்டும் முடுக்கி வைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் ஏறிய பிறகு, அல்லது லோயர் ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கிய பிறகு, டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவு விசைக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) முழுதாக இறுக்குங்கள். பின் ஆக்சிலின் இரண்டு பெரிய புஷ்களுக்கும் இதே விதிதான். ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும்போது இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'தரையில இறக்கித்தான் டைட் பண்ணுவோம்' என்று அவர்களே சொன்னால் வண்டியை நம்பி விட்டுவிட்டு வரலாம்.

10. ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன் புஷ் போட்டா ஆயுசுக்கும் வருமாமே?

நீண்ட நாள் வரும் என்பது உண்மை. ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் புஷ்களுக்கு அது நல்ல தேர்வு. சிலிகான் கிரீஸ் போட்டு மாட்டவேண்டும், இல்லாவிட்டால் கிறீச் கிறீச் என்று கத்தும். ஆனால் லோயர் ஆர்மில் போட்டால் சாலையின் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் தெரியும், கேபினில் இரைச்சலும் கூடும். பின் ஆக்சில் புஷ்ஷில் வேண்டவே வேண்டாம். அந்த ரப்பர் பல திசையில் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. அந்த இடத்தில் விறைப்பான பொருளை வைத்தால் அடி நேராகப் பாடியில் ஆக்சிலைப் பிடிக்கும் இடத்துக்குப் போகும்.

11. ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சமதளத்தில் காலி வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபென்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து, நான்கு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். ஒரே ஆக்சிலில் இடது வலது வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கவனிக்கவேண்டும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றையும் துடைத்துப் பாருங்கள். துரு பிடித்து அடி முனை உடைந்து, அந்தத் துண்டு தட்டிலேயே கிடப்பது பழைய வண்டிகளில் அதிகம் பார்ப்பது.

அளவு சரியாக இருந்து, உடைசலும் இல்லையென்றால் ஸ்பிரிங்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எஃகு ஸ்பிரிங் ஷாக் மாதிரி தேய்வதில்லை.

12. வண்டியைக் கொஞ்சம் இறக்கினா சூப்பரா இருக்கும். ஸ்பிரிங்கை ஒண்ணரை சுத்து வெட்டிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பல ஸ்பிரிங்குகளின் முனை, தட்டில் பொருந்துகிற மாதிரி வளைத்துச் செய்யப்பட்டது. வெட்டினால் அந்தப் பொருத்தம் போய்விடும். நீளமும் குறைவதால், சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டிலிருந்து நழுவி, கோணலாக மறுபடி உட்காரும். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் இன்னொரு கேடும் சேரும்: சூட்டில் எஃகின் பதம் போய், அந்த இடத்தில் பிறகு உடையும். சூடு காட்டி 'உட்கார வைப்பது' இதைவிட மோசம்.

இன்னொன்று, சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்யும் சுற்று ஆறாக இருந்து அதில் ஒன்றரையை வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஷாக் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது.

13. சரி, வெட்டல. நல்ல லோயரிங் ஸ்பிரிங் வாங்கி, இப்ப இருக்கிற ஷாக்குல போட்டா?

வெட்டுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பழைய ஷாக்கோடு அது சேராது. ஸ்பிரிங் கம்பியின் தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எகிறிவிடும், ஏனென்றால் அது தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. மற்ற அளவெல்லாம் மாறாமல் 10 மில்லிமீட்டர் கம்பி 11 ஆனால் விறைப்பு 46 சதவீதம் கூடும். அதை முன்போலவே அடக்க ஷாக்கின் தடை சுமார் 20 சதவீதம் கூடவேண்டும். களைத்த ஷாக்கிடம் அது கிடைக்காது, வண்டி துள்ளும்.

இறக்குவதால் வளைவில் சாய்வது குறையும் என்பதும் பாதிதான் உண்மை. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். மெக்ஃபர்சன் அமைப்பில் வண்டியை இறக்கும்போது லோயர் ஆர்மின் வெளி முனை மேலே ஏறிக்கொள்ள, அந்தப் புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது, அதாவது வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. கூடுதல் விறைப்பில் கொஞ்சம் இதை ஈடுகட்டவே போய்விடும்.

கண்டிப்பாக இறக்கத்தான் வேண்டும் என்றால் 25 மில்லிமீட்டரோடு நில்லுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக வாங்குங்கள். உயரம் மாறினால் ஹெட்லைட் கோணத்தையும் சரிசெய்யவேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

14. எனக்கு நேர் எதிர் பிரச்சினை. அஞ்சு பேர் ஏறினா அடி தட்டுது. ஸ்பிரிங் நடுவுல ரப்பர் பஃபர் வைக்கலாமா?

முதலில் 11-இல் சொன்ன அளவை எடுங்கள். பின் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தால் புது ஒரிஜினல் ஸ்பிரிங்கே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். பம்ப் ஸ்டாப்பரையும் பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே செருகும் பஃபர் அந்த இடத்தில் ஸ்பிரிங்கை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. மிச்சச் சுற்றுகள் கூடுதல் பாரம் தாங்கவேண்டும். எப்போதாவது முழுச் சுமையோடு ஒரு பயணம் என்றால் பரவாயில்லை, திரும்பி வந்ததும் எடுத்துவிடுங்கள். டிக்கியில் கேஸ் சிலிண்டர் மாதிரி நிரந்தர எடை ஏறியிருந்தால், அதற்குத் தக்க கொஞ்சம் வலுவான பின் ஸ்பிரிங் போடுவதுதான் முறை.

பின்பக்கத்தைத் தூக்குபவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. சில பழைய சின்ன கார்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ மேலே ஒரு பிரேக் வால்வுக்குப் போகும். பின்னால் சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், எழும்பினால் குறைக்கும். நீங்கள் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், சுமை இருந்தாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். இறக்கினால் தலைகீழ்: காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அடியில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உயரம் மாற்றியதும் அதை மறுபடி அளவு வைக்கவேண்டும்.

15. வளைவுல ரொம்பச் சாயுது. விறைப்பான ஸ்பிரிங் தவிர வேற வழி?

இருக்கிறது, எனக்குப் பிடித்த வழியும் அதுதான். சில மாடல்களில் அடிப்படை வேரியன்ட்டுக்கு ஸ்டெபிலைசர் பாரே இருக்காது, அல்லது மெல்லியதாக இருக்கும். அதே மாடலின் உயர் வேரியன்ட்டில் தடிமனானது வந்திருக்கும். அதை அப்படியே வாங்கிப் பொருத்தலாம். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறும்போது பார் குறுக்கே நிற்காது, ஒரு பக்கம் மட்டும் எழும்பும்போதுதான் எதிர்க்கும். அதனால் வேகத்தடையில் சொகுசு ஏறக்குறைய அப்படியே இருக்கும். வாங்கும் முன் சப் ஃபிரேமில் போல்ட் துளைகளும், ஸ்ட்ரட்டிலோ ஆர்மிலோ லிங்க் ராட் மாட்டும் இடமும் உங்கள் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பின்பக்கம் மட்டும் மிகத் தடிமனான பார் போடாதீர்கள். வேகமான வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே வீசும்.

16. அலாய் வீல், அகலமான டயர் போட்டா ஷாக் செலவு மிச்சம்னு நண்பன் சொல்றான்.

பிடிப்பு கூடும், சொகுசு குறையும். ஒரு படி அகலம் போதும். 155/80 ஆர்13 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்) வரும் வண்டியில் 175/70 ஆர்13 போட்டால் மொத்த விட்டம் 578-லிருந்து 575 மில்லிமீட்டர் ஆகிறது, ஸ்பீடோமீட்டர் கெடாது. பக்கச் சுவரின் உயரமும் ஏறக்குறைய அதேதான். ரிம்மின் அகலம் அந்த டயருக்குப் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் பெரிய ரிம்மும் பட்டை டயரும் போட்டால் பள்ளத்தின் அடியை வாங்கும் காற்று மெத்தையே மெலிந்துவிடும். கனமான சக்கரத்தை அடக்க ஷாக்கும் கூடுதலாக உழைக்கவேண்டும். டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது.

17. மலிவா காயிலோவர் செட் கிடைக்குது. ஒரேடியா அதைப் போட்டுடலாமா?

காயிலோவர் என்பது ஷாக்கும், மரையைத் திருகி உயரம் மாற்றும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வருவது. மலிவான காயிலோவரிலும் உயரத்தை மாற்றலாம். ஆனால் உள்ளே இருக்கும் ஷாக் பெரும்பாலும் 6-இல் சொன்ன நல்ல கேஸ் ஷாக்கைவிட மட்டம். மழையும் சேறும் பட்டு மரை துருப்பிடித்தால் உயரம் மாற்றும் வசதியும் போச்சு. அதே பணத்தில் ஷாக், மவுன்டிங், புஷ், அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) எல்லாம் முடிக்கலாம்.

18. இதையெல்லாம் நானே செய்யலாமா?

பின் ஷாக், லிங்க் ராட், ஸ்டெபிலைசர் புஷ் எல்லாம் பொறுமை இருந்தால் செய்யலாம். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பின் ஷாக்கைக் கழற்றும்போது ஆக்சிலுக்கு அடியில் தாங்கல் வையுங்கள், இல்லாவிட்டால் அது தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும்.

முன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கைப் பிரிப்பதை மட்டும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கிறது. ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றி எடுத்துப்போய், ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் கொடுத்தால் கூலி பாதியாகும். புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் முழு நீளத்துக்கு இழுத்து அமுக்குங்கள், படுக்கவைத்திருந்தபோது உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். தண்டைக் கொறடால் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் போய்விடும்.

19. எல்லாம் புதுசு போட்டாச்சு. ஆனா முன்னைவிட இறுக்கமா இருக்கு, சத்தமும் வருது!

இறுக்கம் பாதி இயல்பு. செத்த ஷாக்கின் மிதப்புக்கு உடம்பு பழகியிருக்கும், சில நூறு கிலோமீட்டரில் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் கல் மாதிரி இருந்தால் காற்றழுத்தத்தைப் பாருங்கள், 9-இல் சொன்ன மாதிரி புஷ் தொங்கிய நிலையில் இறுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

சத்தத்துக்கு வரிசையாக: ஸ்ட்ரட்டின் மேல் நட் முழுதாக இறுகவில்லை, ஸ்பிரிங்கின் முனை தட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை, டஸ்ட் கவர் நழுவி ஸ்பிரிங்கில் உரசுகிறது, பழைய லிங்க் ராட்டையே திரும்ப மாட்டிவிட்டார்கள். புது ஷாக்கே பழுதாக வருவதும் உண்டு, ஆனால் அது இந்த நான்குக்கும் பிறகு.

20. அலைன்மென்ட் பண்ணினேன், ஆனாலும் நேரான ரோட்டுல ஸ்டியரிங் கோணலா இருக்கு. பின்பக்கம் அட்ஜஸ்ட் பண்ண முடியாதுன்னு சொல்றாங்க.

ஸ்ட்ரட்டையோ ஆர்மையோ கழற்றி மாட்டினால் அலைன்மென்ட் கட்டாயம். நக்கிளில் ஸ்ட்ரட் பூட்டும் இரண்டு போல்ட்டில் இருக்கும் சிறிய இடைவெளியே கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மாற்றிவிடும், அதோடு டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். டோ தப்பினால் புது டயரின் ஒரு விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். ஆனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் உங்கள் பிரச்சினை தெரியாது. நான்கு சக்கரமும் அளந்து அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாளில் பின் ஆக்சில் எந்தத் திசையை நோக்கித் தள்ளுகிறது என்ற கோணம் இருக்கும். அது பூஜ்யத்திலிருந்து விலகியிருந்தால் வண்டி கொஞ்சம் நண்டு மாதிரி போகும், நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்து ஈடுகட்டுகிறீர்கள். டார்ஷன் பீமில் திருகிச் சரிசெய்ய ஏற்பாடு பொதுவாக இருக்காது என்று அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் கோணல் எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஆக்சிலின் இரண்டு பெரிய புஷ்களில் ஒன்று கிழிந்திருக்கலாம், நடைபாதை விளிம்பில் மோதி ஸ்டப் ஆக்சில் (பின் சக்கரம் சுழலும் குட்டை அச்சு) வளைந்திருக்கலாம். புஷ் என்றால் இரண்டையும் மாற்றுங்கள். ஸ்டப் ஆக்சில் என்றால் அதை மாற்றுங்கள், அல்லது அதற்கும் பீமுக்கும் நடுவே வைக்கும் சாய்வுத் தகடு உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அதன் பிறகு நான்கு சக்கரத்துக்கும் ஒரு தடவை அலைன்மென்ட் செய்யுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வைத்துவிட்டு.